அக்காவின் முப்பத்தைந்து நிமிடம்

என் அக்கா வடமராட்சியில், எங்கள் அம்மாவின் வீட்டில் பிறந்தார். குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைக்கும் என்று அப்பா உடையார்கட்டுக்குக் குடும்பத்தைக் கூட்டி வந்தபோது அக்காவுக்கு ஆறு வயது, நான் கைக்குழந்தை. அம்மா வயலுக்குப் போனால் என்னை இடுப்பில் வைத்திருந்தது அக்கா. உலை கொதிக்கிறதா என்று எட்டிப் பார்த்ததும் அக்கா. வந்து போன சொந்தக்காரர் எல்லோரும் "என்ன பொறுப்பான பிள்ளை!" என்றார்கள். அந்த ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லியே அவரை ஐம்பத்து நான்கு வயது வரை ஓடவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன். இந்த நினைவு மலருக்கும் நாலைந்து பேர் அதையேதான் எழுதித் தந்திருக்கிறார்கள். பொறுப்பு, பொறுமை, ஓயாத உழைப்பு. அன்பினால்தான் எழுதியிருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போரில் இடம்பெயர்ந்த காலத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. இம்மலரைக் கையில் எடுக்கும் எவருக்கும் நான் அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் மற்றவர்கள் ஒரு வாளியோடு நின்றார்கள். அக்கா எங்கள் எல்லோருடைய வாளிகளோடும் நின்றார். அவருடைய சட்டையைப் பிடித்தபடி சிறு மகளும் நின்றாள். "ஒண்டை என்னட்டைத் தாங்கோ" என்று நான் கேட்டதற்கு, "நீ போய் நிழலில இரு, உனக்கு வெயில் ஒத்துவராது" என்றார். நானும் போய் நிழலில் இருந்தேன்.

மீளக் குடியேறிய பிறகு அக்கா புதுக்குடியிருப்பில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். அத்தான் நெல் விதைப்பவர், அதிகம் பேசாத நல்ல மனிதர். அவர்களுக்கு ஒரே மகள். யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கிறாள். என் வீடு அதே ஒழுங்கையில், நான்கு படலை தள்ளி. நான் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். என் மகள் வவுனியாவில் தங்கிப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு குடும்ப விபரமும் போதும்.

அக்காவின் தொலைபேசியில் எட்டு அலாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இசை. நாலு மணிக்கு அடிப்பது எழும்புவதற்கு. நாலரைக்கு அடித்தால் புட்டு அவிந்திருக்க வேண்டும். பிறகு சோறு, இரண்டு கறி, சாப்பாட்டுப் பெட்டிகள், முற்றம், குளிப்பு, ஆறே முக்கால் பஸ். பாடசாலையில் விரல் அடையாளம் வைக்கும் இயந்திரம் ஏழரைக்குப் பின் வருபவர்களைச் சிவப்பில் காட்டுமாம். அக்கா ஒருநாளும் சிவப்பில் வந்ததில்லை. பின்னேரம் வந்து கோழிக்குத் தீன், பூங்கன்றுகளுக்குத் தண்ணீர், மறுநாளுக்கு மா அரிப்பு. அந்த வீட்டில் இருந்த மற்ற ஆள், அத்தான்தான், அந்த இசைகளைக் கேட்டே தன் நாளை நடத்தினார். மணிக்கூடு பார்க்கும் பழக்கமே அவருக்கு விட்டுப்போய்விட்டது.

இந்த எட்டில் ஐந்தாவது அலாரம் மட்டும்தான் அக்காவுக்காக அடித்தது. அது மூன்று வருடங்களுக்கு முன் சேர்ந்தது. மாதாந்தக் கிளினிக்கில் சீனியும் பிரஷரும் ஏறி நிற்கிறது என்று கண்ட வைத்தியர், மருந்து மட்டும் காணாது, ஒவ்வொரு நாளும் முப்பத்தைந்து நிமிடம் இடைவிடாமல் நடக்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியில் எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டு விட்டார். "வீட்டு வேலை செய்யிறன்தானே டொக்டர்" என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார். "அது வேலை அம்மா, இது நடை" என்றாராம் வைத்தியர்.

அக்கா வைத்தியர் சொன்னதைச் செய்பவர். மறுநாளே ஐந்தே காலுக்குப் படலையைத் திறந்துகொண்டு குளக்கட்டுப் பக்கம் நடந்தார். வெறுங்கையோடு நடந்ததுதான் பிழையாகிப் போனது.

எங்கள் ஊரில் ஒரு பெண் விடியற்காலையில் வெறுங்கையோடு வீதியில் நடந்தால் அது செய்தி. முதலாம் நாளே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏறுங்கோ அக்கா, இறக்கி விடுறன்."

"இல்லைத் தம்பி, சும்மா நடக்க வந்தனான்."

"நடக்கவோ? எங்க?"

"ஒரு இடமும் இல்லை. நடந்திட்டுத் திரும்பி வாறதுதான்."

அவர் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டில ஏதும் கதைவழிப்பட்டியளோ?"

அக்கா நடை முடித்து வீட்டுக்கு வந்தபோது அத்தானின் தமக்கையார் படலையில் நின்றார். பிள்ளைகளோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் அவரை மாமி என்றுதான் அழைப்போம். "என்ன பிள்ளை, அவனோட கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டியாம்? ஊரெல்லாம் கதை!" என்றார். அத்தான் அப்போதுதான் பாயிலிருந்து எழும்பி வந்து, தான் என்ன பிழை செய்தேன் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் வாரம் அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கையில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டார், வெறும் பை. பையோடு போகிறவளை யாரும் மறிக்க மாட்டார்கள், கடைக்குப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். "எப்பிடி என்ர மூளை?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நானும் சிரித்தேன். எங்கள் ஊரைப் பற்றி இருவருக்குமே போதிய அளவு தெரிந்திருக்கவில்லை.

கடைக்குப் போகிறாள் என்று நினைத்தவர்கள் கடைக்குச் சொல்லிவிடத் தொடங்கினார்கள். "சந்திக்குத்தானே போறியள், பேக்கரியில ஒரு றாத்தல் பாண்." "அப்பிடியே இந்த மருந்துத் துண்டைப் பாமசியில குடுத்துவிடுங்கோ அக்கா." "பெரிய கரைச்சல் இல்லையெண்டா இந்தப் பால்போத்தல்..." ஒருவருக்கும் இல்லையென்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. அவர் நடந்த பாதை குளக்கட்டிலிருந்து சந்திக்கு மாறியது. ஒரு மாதத்துக்குள் எங்கள் ஒழுங்கைக்கே விடியற்காலைத் தபாற்காரியாகிவிட்டார். போதாததற்கு, பாண் வாங்கிக் கொடுத்த வீட்டில் "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார்கள். பால் கொண்டுபோன வீட்டிலும் அதே. சீனி போடாமல் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று அக்கா சீனியோடு குடித்துவிட்டு வருவார். அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "நடக்கிறியளோ, இல்லையோ?" என்று கேட்டிருக்கிறார். "ஒரு நாளும் விடேல்லை டொக்டர்" என்று அக்கா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை.

நான் ஒருநாள் சண்டையே பிடித்தேன். அவர் அடுப்படியில் நின்று சொதியைத் துழாவிக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார். வீதியில் விட்டதை இப்படிக் குசினியில் பிடிக்கலாம் என்று எங்கேயோ பார்த்தாராம்.

"அக்கா, நாள் முழுக்க உங்களுக்கெண்டு இருக்கிறது அந்த முப்பத்தஞ்சு நிமிசம்தான். அதையும் ஏன் ஊருக்குக் குடுக்கிறியள்?"

"கத்தாதையடி. நான் என்ன, நடக்காமலோ இருக்கிறன்?"

"பத்துத் தரம் நிண்டு நிண்டு போறது நடையோ?"

"அதுகள் ஆசையாக் கேக்குதுகள். இதில என்ன கரைச்சல்? போற வழிதானே."

போற வழிதானே. அக்காவின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்குள் போய்விட்டது. பாடசாலையில் மற்றவர்களின் கடிதங்களைத் தட்டச்சுச் செய்ததும் போற வழிதான். மாமிக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததும் போற வழிதான். எவருக்கு எது தேவைப்பட்டாலும் அது அக்கா போகும் வழியிலேயே இருந்தது.

இனி நான் எழுதப் போவது என்னைப் பற்றியது. அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை முடித்தால், மேலே மற்றவர்களைக் குறை சொன்ன எனக்கு வெட்கமில்லை என்று ஆகும்.

என் மகள் வவுனியாவுக்குப் போன நாள் முதல் எனக்கு நிம்மதியில்லை. அறைக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து சமைக்கிறோம், நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று அவள் சொன்னால் நான் நம்புவதில்லை. தொலைபேசியில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கன்னம் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். வாரம் ஒருமுறை வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், எள்ளுருண்டை என்று கட்டி, சந்தியில் வவுனியா பஸ் நடத்துனரிடம் கொடுத்துவிடுவேன். அவள் அங்கே பஸ் நிலையத்தில் போய் எடுப்பாள். "அம்மா, போன கிழமையான் மாவே முடியேல்லை, தயவுசெய்து அனுப்பாதேங்கோ" என்று எத்தனையோ தரம் சொன்னாள். நான் கேட்கவில்லை. பஸ் சந்திக்கு வரும் நேரமும் அக்கா சந்திக்குப் போகும் நேரமும் ஒன்று. எனக்கோ பாடசாலைக்கு வெளிக்கிடும் அவசரம். சண்டை பிடித்த அதே நான், மூன்று மாதம் கழித்து, பார்சலை அக்காவின் கையில் கொடுக்கத் தொடங்கினேன். அக்கா ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஐந்தரை மணியளவில் அக்கா என் படலையில் நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. ஒரு கையைப் படலைக் கம்பில் ஊன்றியிருந்தார்.

"நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதடி. வாயுவோ தெரியேல்லை."

"ராத்திரிக் கடலை சாப்பிட்டிருப்பியள். வீட்ட போய் இஞ்சித் தேத்தண்ணி குடியுங்கோ" என்றேன். அதே மூச்சில், "பஸ் வரப்போகுது அக்கா, கெதியாப் போங்கோ" என்று பார்சலை நீட்டினேன். நாலு கிலோவுக்குக் குறையாது.

அக்கா அதை வாங்கிக்கொண்டு போனார். நடத்துனரிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுப் பெட்டிகளை மூடினார், குளித்தார், பஸ் ஏறினார். விரல் அடையாளம் வைத்தார். அன்றைக்கும் சிவப்பில் வரவில்லை. பத்து மணிக்குக் கடிதக் கோவை ஒன்றை எடுக்க எழும்பியவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். அங்கிருந்த ஆசிரியர்கள் வான் ஒன்றில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அங்கே செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். நெஞ்சு நோ எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். நான் பேசாமல் நின்றேன். நோ தொடங்கியவுடன் கொண்டு வந்திருந்தால் கூடுதலாக ஏதும் செய்திருக்கலாம் என்று அவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பொழுது சாயும்போது அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார்.

செத்த வீட்டில் வந்தவர்களின் கண்டுபிடிப்பு வேறு. "இந்த வயசில உந்த நடை தேவையோ?" "நடந்து நடந்துதான் நெஞ்சு விட்டது." "உந்த டொக்டர்மாரின்ர கதையைக் கேட்டா இப்பிடித்தான்." எத்தனை பேர், எத்தனை உறுதியோடு! தலைமாட்டில் இருந்த எனக்கு எழும்பிக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தவில்லை. இப்போது எழுத்தில் சொல்கிறேன்: அக்காவை நடை கொல்லவில்லை. அவர் ஒழுங்காக நடக்க நாங்கள் விடவில்லை. நெஞ்சு நோகிறது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. தயவுசெய்து இனிமேல் எவரும், நடக்கப் போகிற எவருக்கும், அக்காவை உதாரணம் காட்ட வேண்டாம்.

என் மகள் வவுனியாவிலிருந்து வந்தாள். அந்தப் பார்சலை அவள் போய் எடுத்திருந்தாள். அறையில் மேசைக்கு மேல் கட்டு அவிழ்க்காமல் இருக்கிறதாம். "இனி எனக்கு ஒண்டும் அனுப்பாதேங்கோ அம்மா" என்றாள். இந்த முறை நான் கேட்டுக்கொண்டேன்.

எட்டாம் நாளுக்குப் பிறகு வந்தவர்கள் குறைந்தார்கள். அக்காவின் வீட்டில் அத்தானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவர் மகளும்தான். அக்காவின் தொலைபேசி அலுமாரிக்கு மேல் மின்னேற்றியில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை, ஆனால் யாரோ ஒவ்வொரு நாளும் அதற்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு அலாரமும் நேரம் தவறாமல் அடித்தன. முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்துக்கு அழுதோம். மூன்றாம் நாள் நாலு மணி அலாரத்துக்கு மகள் எழும்பினாள். நாலரைக்குப் புட்டு அவிந்திருந்தது. பின்னேர அலாரத்துக்குக் கோழிக்குத் தீன் போட்டாள். நான் போய்ப் பார்த்தபோது அவள் அக்காவின் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்கா நிற்கும் இடத்தில் நின்று சொதி துழாவிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. ஐந்தாவது அலாரம் அடிக்கும்போது மட்டும் அவள் ஒன்றும் செய்வதில்லை. அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. அதை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

பயிற்சிப் பாடசாலையிலிருந்து தகவல் வந்தது. முப்பத்தோராம் நாளோடு அவளுடைய லீவு முடிகிறது. அதற்கு மேல் நின்றால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். திரும்பப் படிக்கவென்று வீட்டில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வந்து போனவர்களோ, "அச்சா அம்மாவைப் போலவே! ஒண்டும் குறைவில்லை" என்று அவள் முகத்துக்கு நேரே பாராட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குப் பொறுமை போய்விட்டது. மாமி குசினி வாசலில் கதிரையில் இருந்தார். அத்தான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை எப்ப போறாள்?" என்று நான் கேட்டேன்.

"எங்க போறது?" என்றார் மாமி. "ஒரு வருசம் பிந்திப் படிச்சா என்ன குறைஞ்சே போகும்? இவன் தண்ணி கொதிக்க வைக்கவும் தெரியாதவன். இவனை ஆர் பாக்கிறது?"

"அத்தானுக்கு ஐம்பத்தெட்டு வயசு மாமி. ரக்டர் ஓட்டுறார். கேத்தில் வைக்கத் தெரியாதோ?"

"ஆம்பிளையை நீ இந்த வயசில குசினிக்க விடப்போறியோ?"

"நான் நிக்கிறன் சின்னம்மா, விடுங்கோ" என்றாள் மகள். "அம்மா இருந்தாலும் இதைத்தான் செய்வா."

"அம்மா இருந்தா நீ இப்ப யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரி வோட்டில நிண்டிருப்பாய்."

"எனக்கு அதில ஆசை விட்டுப்போச்சு."

பொய். அவளுடைய கண்ணே அவளைக் காட்டிக்கொடுத்தது. அதற்கு மேல் என்ன சொல்லி அவளை அசைப்பது என்று தெரியாமல், அதுவரை ஒருவருக்கும் சொல்லாததைச் சொன்னேன்.

"அண்டைக்கு விடிய உன்ர அம்மா என்ர படலையில நிண்டு நெஞ்சடைக்குது எண்டவா. நான் அதைக் கேட்டுக்கொண்டே பார்சலைக் குடுத்தனான். கெதியாப் போங்கோ எண்டும் சொன்னனான். கேட்டுதோ? உன்ர அம்மா எல்லாருக்கும் எல்லாம் செய்தவா. செய்விச்ச எங்களுக்கு அவா சொன்னது ஒண்டும் கேக்கேல்லை. நீயும் அப்பிடித்தான் நிக்கப்போறாய் எண்டா நில்."

மாமி வாயில் கையை வைத்துக்கொண்டார். மகள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்போதுதான் அத்தான் பேசினார். சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வீட்ட வந்தும் சொன்னவா."

"என்ன?" என்றார் மாமி.

"நெஞ்சு நோகுது எண்டு. நான் படுத்திருந்தனான்... தேத்தண்ணி போட்டாச்சோ எண்டு கேட்டன்."

அத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"போட்டுக்கொண்டு வந்து தந்தவா. சீனி காணுமோ எண்டும் கேட்டவா."

அவர் எழும்பி, சாப்பிட்ட கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவினார். முப்பது வருடத்தில் நான் அதைக் கண்டதில்லை. கழுவிய கோப்பையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ போ பிள்ளை" என்றார். "நான் கஞ்சி காச்சிக் குடிச்சாலும் குடிப்பன். நீ போய்ப் படி."

"அப்பா—"

"சொன்னாக் கேள். இன்னொராளைக் குடுக்க என்னால ஏலாது."

இவ்வளவையும் எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுது. என்னையும் எழுது" என்றார். மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னதை மட்டும் உள்ளபடி எழுதியிருக்கிறாய்" என்று முறைத்தார், ஆனால் வெட்டச் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே மகள் அந்தத் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு அலாரமாக நிறுத்தினாள். மறுநாள் காலை அத்தான் அடுப்படிக்குப் போனார். அதைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுவதே அவருக்குச் செய்யும் மரியாதை. சோறு குழைந்தது. மறுநாளும் குழைந்தது. மகள் விறாந்தையில் கதிரையில் இருந்தபடி சொல்லிக்கொடுத்தாள்.

"அரிசிக்கு மேல விரலை வைச்சுப் பாருங்கோ அப்பா. ஒரு கோட்டுக்குத் தண்ணி நிக்கவேணும்."

"எந்த விரல்?"

"எந்த விரலெண்டாலும்தான்!"

"பெருவிரலுக்கும் சின்னிவிரலுக்கும் வித்தியாசமில்லையோ? விளக்கமாச் சொல்லன்."

இரண்டு தரம் அவள் எழும்பப் பார்த்தாள். இரண்டு தரமும் மாமிதான், ஆம், மாமிதான், தோளைப் பிடித்து இருத்தினார். "விடு, படட்டும்" என்றார். நான்காம் நாள் வந்த புட்டு கல்லுப் போல இருந்தது. நாங்கள் நான்கு பேரும் சம்பலைக் கூட்டிச் சாப்பிட்டோம். அக்கா போன பிறகு அந்த வீட்டில் முதன்முதல் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றுதான். அவர் சமைப்பது நல்லாய் வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். இன்னும் வரவில்லை.

எனக்கும் இரத்தம் பார்த்தார்கள். சீனி எல்லையில் நிற்கிறது. நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். குளக்கட்டில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கிறேன். மறித்து "எங்க?" என்று கேட்பவர்களுக்கு "நடக்க" என்கிறேன். "ஏன்?" என்றால் மறுபடி "நடக்க" என்கிறேன். எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது என்று கதை அடிபடுகிறதாம். அடிபடட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன். அக்காவைத் தூக்கி வானில் ஏற்றி, கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி வரை வந்த ஆசிரியர்களுக்கும், வேகமாகவும் பத்திரமாகவும் ஓட்டிய சாரதிக்கும், கடைசி வரை கைவிடாமல் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்த ஒழுங்கையார் எல்லோருக்கும் நன்றி. பாண் வாங்கக் கொடுத்தவர்களும் பால் கொடுத்தவர்களும் உங்களுக்குள்தான் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உங்களில் எவரும் நாலு கிலோ கொடுக்கவில்லை. பந்தல் போட்டவர்களுக்கும், கிரியைகளைச் செய்து தந்த ஐயாவுக்கும், வடமராட்சியிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த சொந்தங்களுக்கும், வர முடியாமல் அங்கிருந்தே அழுதவர்களுக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அக்காவின் மகளைக் கண்டால், அப்பாவைத் தனியே விட்டுப் போகிறாயா என்று கேட்காதீர்கள். அன்பாகவும் கேட்காதீர்கள், பகிடிக்கும் கேட்காதீர்கள். அவளுடைய மனம் இன்னும் திடப்படவில்லை. ஒரு ஆள் ஒரு சொல்லைச் சொன்னால் போதும், பெட்டியைத் திரும்ப அவிழ்த்துவிடுவாள். அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் யாழ்ப்பாணம் போகிறாள்.

இதை அச்சுக்குக் கொடுக்கப் போகும் இன்று காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். வெள்ளைச் சீருடையை மினுக்கி மடித்தாயிற்று, சப்பாத்துக்கும் வெள்ளை பூசியாயிற்று என்றாள். பிறகு வாசலில் நின்று, விடைபெறுவது போல, "போட்டு வாறன் சின்னம்மா" என்றாள்.

"என்னடி, இன்னும் நாலு நாள் கிடக்கு?"

"தெரியும். அண்டைக்குச் சொல்லேக்க அழப்படாது. அதுதான் சொல்லிப் பழகிறன்."

"அப்ப வடிவாச் சொல்லு."

அவள் மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் குரல் உடையவில்லை.

"போட்டு வா பிள்ளை" என்றேன். எனக்குத்தான் இன்னும் பழக வேண்டியிருக்கிறது.

— தங்கை